கோத்தகிரியில் வீட்டு அலுவலகத்துக்குக் கலர் லேசர் ஆல்-இன்-ஒன் பிரிண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: கோத்தகிரி_தேயிலை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக வைத்துக்கொண்டு, நானும் என் கணவரும் எங்கள் ஊர்ச் சிறு விவசாயிகள் சிலருடைய தேயிலைத் தூளையும் யூகலிப்டஸ் தைலத்தையும் பொட்டலமிட்டு விற்று வருகிறோம். இதுவரை பில், கணக்கு, லேபிள் என எல்லாவற்றுக்கும் கடைவீதியில் உள்ள ஜெராக்ஸ் கடையையே நம்பியிருந்தோம். இனி அச்சிடவும் நகலெடுக்கவும் ஸ்கேன் செய்யவும் ஒரே இயந்திரமாக வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம்.

மாதத்துக்குச் சுமார் 300 பக்கம் கருப்பு அச்சும், 100 பக்கம் அளவுக்குக் கலர் லேபிளும் தேவைப்படும். விவசாயிகளின் பட்டா, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டியிருக்கும். ஏப்ரல், மே சீசனில் லேபிள் வேலை கூடும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பிரிண்டரைத் தொட மாட்டோம். உறவினர் வீட்டில் இங்க் பிரிண்டர் அப்படிச் சும்மா கிடந்து, மை வரும் துளையான நாசில் அடைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் லேசர் என்று தீர்மானித்தோம்.

கோவையில் விசாரித்த கடைகளில் எல்லாரும் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதையே பேசுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு எந்த வசதிக்குப் பணம் கொடுப்பது நியாயம், எதை விட்டுவிடலாம், வீட்டு இன்வெர்ட்டரில் இது ஓடுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: குன்னூர்_சர்வீஸ்

வணக்கம் சகோதரி. குன்னூரில் பிரிண்டர் பழுது பார்ப்பது என் தொழில். எந்த நிறுவனத்துக்கும் நான் முகவர் அல்ல.

வேகத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். எச்.பி. கலர் லேசர் 178, 179 வரிசை கருப்பில் நிமிடத்துக்கு 18 பக்கமும் கலரில் 4 பக்கமும் தரும். அச்சுப் படம் உருவாகும் உருளையான டிரம் ஒன்றிலேயே நான்கு நிறத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவதால்தான் கலர் இவ்வளவு மெதுவாக வருகிறது. பிரதர் டிசிபி-எல்3551சிடிடபிள்யூ போன்றவை ஒரே சுற்றில் நான்கு நிறத்தையும் அச்சிடுவதால் இரண்டிலுமே 18 பக்கம் வரும். கேட்பதற்கு இது பெரிய வித்தியாசமாகத் தோன்றினாலும், மாதம் 100 கலர் பக்கம் என்றால் மெதுவான இயந்திரத்திலும் மொத்தம் 25 நிமிட வேலைதான். ஆனால் அந்த 178, 179 வரிசையில் தாளைத் தானாகத் திருப்பி இரு பக்கமும் அச்சிடும் டூப்ளெக்ஸ் கிடையாது. கணக்குத் தாள்களை இரு பக்கமும் எடுப்பவர் என்றால் டூப்ளெக்ஸுக்குத் தரும் பணம் வீணாகாது.

உண்மையான செலவு டோனரில், அதாவது அச்சுத் தூளில், இருக்கிறது. கருப்பு, சியான், மஜெந்தா, மஞ்சள் என நான்கு கார்ட்ரிட்ஜ்கள் உண்டு. புதுப் பிரிண்டரோடு வருபவை பல மாடல்களில் முழு அளவு கொண்டவை அல்ல. விலை குறைந்த மாடல்களில் நான்கையும் ஒருசேர மாற்றினால் ஆகும் தொகை பிரிண்டரின் விலையையே நெருங்கிவிடும். ஆகவே பிரிண்டரின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் நான்கு டோனரின் விலையையும், ஒவ்வொன்றும் எத்தனை பக்கத்துக்கு வரும் என்பதையும் கேட்டு வகுத்துப் பாருங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கலர் டோனருக்கு நிறுவனங்கள் சொல்லும் பக்க எண்ணிக்கை ஐஎஸ்ஓ 19798 என்ற சோதனை முறைப்படி வருவது. அதில் ஒவ்வொரு நிறமும் தாளின் சுமார் 5 சதவீத இடத்தை மட்டுமே மூடும் என்று வைத்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டப் படத்தைப் பின்னணியில் பரப்பி, பச்சையை விளிம்புவரை நிரப்பிய லேபிள் அதைவிடப் பல மடங்கு டோனரைத் தின்னும். வெள்ளைப் பின்னணியில் சின்னத்தையும் பெயரையும் மட்டும் கலரில் வைத்தால் அதே டோனர் பல மாதம் கூடுதலாக வரும். லேபிளை வடிவமைப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சில நிறுவனங்கள் டோனரையும் டிரம்மையும் தனித்தனியாக விற்கின்றன. சில இரண்டையும் ஒரே கார்ட்ரிட்ஜில் வைத்துவிடுகின்றன. தனித்தனியாக இருந்தால் நாளடைவில் செலவு குறையும். ஒன்றாக இருந்தால் கார்ட்ரிட்ஜ் விலை கூடினாலும், மாற்றும்போது டிரம்மும் புதிதாகிவிடுவதால் பழுது குறையும். ரீஃபில் செய்யலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் கார்ட்ரிட்ஜில் சிப் இருக்கிறதா, அதற்கு மாற்றுச் சிப் குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ கிடைக்கிறதா என்று கேளுங்கள். கோவைவரை போனால்தான் கிடைக்கும் டோனர், சீசன் நேரத்தில் இல்லாத டோனருக்குச் சமம்.

இன்வெர்ட்டரைப் பற்றி: லேசர் பிரிண்டரில் தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் பியூசர் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும். அது சூடேறும் கணத்தில் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடும் என்பதால் சிறிய யுபிஎஸ்ஸும் வீட்டு இன்வெர்ட்டரும் திணறும். பல கையேடுகள் இதை வெளிப்படையாகவே வேண்டாம் என்கின்றன. கணினியையும் மோடத்தையும் இன்வெர்ட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரை நேரடி மின்சாரத்தில், தரமான ஸ்டெபிலைசருடன், தனி பிளக்கில் போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் அன்று பிரிண்ட் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இங்க் டேங்க் பிரிண்டர் அச்சிடும்போது இழுப்பது சில பத்து வாட்டுக்குள்தான் என்பதால், மின்வெட்டு உங்களுக்குப் பெரிய பிரச்சினை என்றால் அதையும் ஒரு முறை யோசியுங்கள். நாசில் அடைப்பைத் தவிர்க்க வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்தால் பெரும்பாலும் போதும்.

பதில்: காரமடை_அச்சகம்

வேறொரு கோணம். ஒரே வடிவமுள்ள தேயிலை லேபிளை ஆயிரக்கணக்கில் நீங்களே கலர் லேசரில் எடுப்பது கட்டுப்படியாகாது. பெயர், சின்னம், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் போன்ற மாறாத விவரங்களை அச்சகத்தில் மொத்தமாகக் கலரில் அடித்து வாங்கிவிடுங்கள். பொட்டலமிட்ட தேதி, தொகுதி எண், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றுக்கு இடம் விட்டு, அவற்றை மட்டும் கருப்பு லேசரில் ஏற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் உங்களுக்குக் கலர் இயந்திரமே தேவைப்படாது. கருப்பு லேசர் ஆல்-இன்-ஒன் வாங்கினால் விலையும் குறைவு, மாற்ற வேண்டிய டோனரும் ஒன்றுதான். வகைக்கு ஐம்பது, நூறு என்று அடிக்கடி மாறும் லேபிள் என்றால் மட்டும் கலர் லேசர் சரி.

பதில்: கொடை_விடுதி

நான் கொடைக்கானலில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். கூடவே தைலமும் விற்கிறேன். மலையில் கலர் லேசர் வைத்திருப்பவன் என்ற முறையில், சமவெளியில் இருப்பவர்கள் சொல்ல வாய்ப்பில்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது உயரம். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர், எங்கள் ஊர் 2,100 மீட்டருக்கு மேல். டிரம்முக்கு மின்னேற்றம் கொடுத்து, தூளை அதிலிருந்து தாளுக்கு இழுப்பதற்குப் பிரிண்டர் உயர் மின்னழுத்தத்தைப் பயன்படுத்துகிறது. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் அந்த மின்னழுத்தம் எளிதில் காற்றிலேயே கசிந்துவிடும். அதனால்தான் சில மாடல்களின் அமைப்பில் உயரத்துக்கேற்ற திருத்தம் என்றே தனியாக ஒன்று இருக்கிறது. வாங்கும்போதே மெனுவில் அதைத் தேடிப் பாருங்கள். எங்கள் இயந்திரத்தில் கலர்ப் பகுதிகளில் சிறு புள்ளிகளும் வெளிர்த் திட்டுகளும் வந்தபோது, டோனர் கெட்டுவிட்டது என்று ஒரு மெக்கானிக் நான்கையும் மாற்றச் சொன்னார். உயரத் திருத்தத்தை மாற்றியதும் பெரும்பகுதி சரியாகிவிட்டது.

இரண்டாவது குளிர். பெரும்பாலான லேசர் பிரிண்டர்களுக்குக் கையேடு குறிப்பிடும் கீழ் வரம்பு 10 டிகிரி செல்சியஸ். டிசம்பர், ஜனவரி காலைகளில் நெருப்பு மூட்டாத அறை அதற்குக் கீழே இறங்கிவிடும். அப்போது எடுத்த முதல் சில பக்கங்களில் விரலால் தேய்த்தால் எழுத்து உதிரும். அதற்காக ஹீட்டரைப் பிரிண்டர் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். குளிர்ந்த இயந்திரம் இருக்கும் அறையைத் திடீரென்று சூடாக்கினால் உள்ளே கண்ணாடிகளில் ஈரம் படிந்து அச்சு மங்கும். அறை மெல்லச் சூடாகி, வெயில் ஏறிய பிறகு அச்சு வேலையை வைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, தாள். மூடுபனிக் காலத்தில் திறந்து வைத்த தாள் ஒரே இரவில் ஈரம் குடித்து ஓரம் சுருளும். அந்தத் தாள் உள்ளே போனால் அதன் ஈரம் பியூசரில் ஆவியாகி வெளியேறும் இடத்தில் பக்கத்து ஜன்னல் கண்ணாடி நனைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தாள் சிக்குவதும், எழுத்து பாதி ஒட்டாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். ட்ரேயில் அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் வையுங்கள். மீதிக் கட்டின் உறை உட்புறம் ஈரம் புகாத பூச்சு கொண்டது. அதை முழுதும் கிழிக்காமல் ஓரத்தில் மட்டும் பிரித்து, மறுபடி மடித்து ஒட்டி, பீரோவில் வையுங்கள். இங்கே பலர் துணி பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பீரோவுக்குள் சிறிய குண்டு பல்பு எரியவிடுவார்கள். தாள் அந்தத் தட்டிலேயே இருக்கட்டும், பல்பைத் தொடாமல்.

ஸ்கேனர் பற்றியும் ஒரு சொல். இந்த விலையில் வரும் இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது சிஐஎஸ் வகை ஸ்கேனர். கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பது மட்டுமே தெளிவாக விழும். தடித்த கணக்குப் பேரேட்டையோ தைத்த பத்திரக் கட்டையோ வைத்தால் நடு மடிப்பு மங்கலாக வரும். தனித் தாள்களுக்குத் தானாக இழுக்கும் ஏடிஎஃப் பெரிய உதவி. ஆதார் அட்டையின் இரு பக்கத்தையும் ஒரே தாளில் எடுக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத்தான் தினமும் அழுத்துவீர்கள்.

கோத்தகிரி_தேயிலை

மூவருக்கும் மிக்க நன்றி. தேயிலை லேபிளுக்குக் காரமடை ஐயா சொன்ன வழி சரியாகப் படுகிறது. ஆனால் தைலத்தில் 50 மில்லி, 100 மில்லி என அளவுகள் மாறுகின்றன, பண்டிகை நேரத்தில் பரிசுப் பெட்டிக்கென்று தனி லேபிளும் வேண்டியிருக்கிறது. ஆகவே கலரை முழுதும் விட முடியவில்லை. லேசர் அச்சு தண்ணீரில் கரையாது என்பதால் தைல பாட்டிலுக்கு அதுவே ஏற்றது என்று கடைக்காரர் சொன்னார். சரிதானா?

பதில்: கொடை_விடுதி

தண்ணீரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. டோனர் என்பது நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள், உருகி ஒட்டிய பிறகு மழைத்துளி அதை ஒன்றும் செய்யாது. ஆனால் யூகலிப்டஸ் தைலம் அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஜெராக்ஸ் படத்தின் பின்புறம் இந்தத் தைலத்தைத் தடவி அழுத்தி, படத்தை வேறு தாளுக்கு மாற்றும் ஓவியர்களே இருக்கிறார்கள். மூடியோரம் ஒரு சொட்டு கசிந்தால் உங்கள் லேபிளில் எழுத்து இழுபட்டு, தொட்ட கையிலும் ஒட்டும். லேபிளின் பசையையும் அது கரைக்கும் என்பதால் மேலே டேப் ஒட்டுவதும் நீடிக்காது.

நான் செய்வது இதுதான்: பாட்டிலை நிரப்பி, மூடியை இறுக்கி, வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே லேபிள் ஒட்டுகிறேன், சட்டப்படி இருக்க வேண்டிய அளவு, விலை, தேதி விவரங்களைப் பாட்டிலின் கீழ்ப்பாதியில், வழியும் தைலம் எளிதில் எட்டாத இடத்தில் வைக்கிறேன். பரிசுப் பெட்டிக்கு வெளி அட்டையில் மட்டும் கலர் லேசர் அச்சு. பாட்டிலின் கழுத்தில் நூலால் கட்டும் அட்டையை வாடிக்கையாளர்களும் விரும்புகிறார்கள்.

பதில்: குன்னூர்_சர்வீஸ்

கொடை நண்பர் சொன்ன தைல விஷயத்தை வாடிக்கையாளர் கொண்டுவந்த பாட்டில்களில் நானும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அளவுக்கு, ஏடிஎஃப் உள்ள சிறிய கலர் லேசரே போதும் என்பது என் கருத்து. டூப்ளெக்ஸ் வேண்டுமானால் ஒரு படி மேலே போங்கள், அதற்கு மேல் வேண்டாம். லேபிள் தாள் வாங்கும்போது லேசருக்கானது என்று உறையில் போட்டிருப்பதையே வாங்குங்கள். இங்க் பிரிண்டருக்கான ஸ்டிக்கர் தாளின் பசை பியூசர் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டால், அந்தப் பழுதுக்கு வாரண்டி கிடைப்பது கடினம். ஒரு தாளில் 12 லேபிள் இருந்தால் பன்னிரண்டையும் ஒரே முறையில் அடித்துவிடுங்கள். நாலைந்தை உரித்த பிறகு அதே தாளை மறுபடி விட்டால், வெளியே தெரியும் பசை டிரம்மைப் பிடிக்கும். அச்சிடும் முன் தாள் வகையை லேபிள் என்றோ தடித்த தாள் என்றோ மாற்றிக்கொண்டு, கையால் ஒவ்வொன்றாகச் செருகும் வழியில் விடுங்கள்.

கோவையிலிருந்து ஏற்றி வரும்போதும், பின்னாளில் பழுதுக்கு இறக்கும்போதும் பெட்டியைச் சாய்க்கக் கூடாது. பயன்படுத்திய இயந்திரம் என்றால் டோனரைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். கழிவு டோனர் டப்பா உள்ள மாடலானால் அதையும் எடுத்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அது ஒரு பக்கம் கவிழ்ந்தால் உள்ளே கொட்டும் தூளைச் சுத்தம் செய்யவே எனக்கு அரை நாள் ஆகும். அதற்கும் பில் போடுவேன்.