அட்லாண்டிக் பயணம்: எங்கே மாறினீர்கள், எந்த வகுப்பில் போனீர்கள்? அனுபவங்களைச் சொல்லுங்கள்

போன அக்டோபரில் நானும் மனைவியும் ஹாம்பர்க்கிலிருந்து டெட்ராய்ட் போனோம். தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. நேரடி விமானம் இல்லாததால் எங்கேயாவது மாறித்தான் ஆக வேண்டும். மூன்று வழி இருந்தது: பிராங்பர்ட்டில் மாறுவது, ஆம்ஸ்டர்டாமில் மாறுவது, அல்லது லண்டன் வழியாக நியூயார்க் போய் அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிப்பது. மூன்றாவது கொஞ்சம் மலிவு. ஆனாலும் வேண்டாம் என்று விட்டேன். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவுச் சோதனை நடக்கும். பெட்டியையும் பெரும்பாலும் அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். ஐரோப்பாவிலேயே மாறிவிட்டால் பெட்டி கடைசி ஊர் வரை தானாகப் போய்விடும்.

யோசனை சரிதான், கோட்டைவிட்டது நேரத்தில். பிராங்பர்ட்டில் மாற எங்களுக்கு இருந்தது 55 நிமிடம். அங்கே குறைந்தபட்சம் 45 நிமிடம் போதும் என்று கணக்கு, அதனால் கணினி கூசாமல் விற்றுவிட்டது. ஹாம்பர்க்கிலேயே 25 நிமிடம் தாமதம். ஏ பகுதியில் இறங்கி, அதன் மேல்தளத்தில் இருக்கும் இசட் பகுதிக்கு ஓடினோம். நடுவில் கடவுச்சீட்டு வரிசை. எங்கள் இருவருடையதும் இந்தியக் கடவுச்சீட்டு, முன்னால் நாற்பது பேர் இருப்பார்கள். மனைவி ஒவ்வொருவரிடமும் போர்டிங் பாஸைக் காட்டி, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு முன்னே போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனேன். ஏறிவிட்டோம். பெட்டி ஏறவில்லை.

குழந்தைக்கு வாங்கிய சட்டை எல்லாம் அந்தப் பெட்டிக்குள். மறுநாள் இரவுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு விஷயம்: பெட்டி தாமதமானால், விமானப் பயணத்துக்கான சர்வதேச மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பிரஷ், உள்ளாடை, மனைவிக்கு ஒரு ஜாக்கெட் என்று வாங்கியவற்றுக்கு ரசீது வைத்திருந்தோம், காசு வந்தது.

இப்போது என் கேள்வி. போகும்போது எகானமியில் போனோம். திரும்பும்போது செக்-இன் சமயத்தில் பிரீமியம் எகானமிக்கு (எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள வகுப்பு) ஒரு விலை காட்டியது, ஆசைப்பட்டு எடுத்தோம். கால் நீட்ட இடம் இருந்தது. ஆனால் மொத்தம் தூங்கியது இரண்டரை மணி நேரம். காசைத் தப்பான திசையில் போட்டுவிட்டேனா? வரும் மே மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

* * *

தம்பி, நான் டப்ளினில் இருக்கிறேன். அமெரிக்கா போகிற யாராக இருந்தாலும் இந்த வழியை ஒரு தரம் பாருங்கள் என்பேன். அமெரிக்கக் குடிவரவும் சுங்கமும் டப்ளினிலேயே, ஏறும் முன்பே முடிந்துவிடும். அயர்லாந்தில் ஷானனிலும் உண்டு, அங்கே 2009லேயே வந்துவிட்டது. அந்தப் பக்கம் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி நேராக நடந்து வெளியே வரலாம்.

எப்படி இருக்கும் என்றால், வழக்கமான சோதனை முடிந்து கீழே போனால் இன்னொரு சோதனை. அப்புறம் அமெரிக்க அதிகாரி. நீங்கள் ஒப்படைத்த பெட்டியின் படம் அவர் திரையில் வரும், 'இது உங்களுடையதா?' என்பார். என் பெட்டி கறுப்பு நிறம், எல்லார் பெட்டி மாதிரியும்தான். சிவப்பு ரிப்பன் கட்டியிருந்ததால் சட்டென்று ஆமாம் என்றேன். பக்கத்து வரிசையில் ஒருவர் திரையை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார், பாவம்.

ஆனால் நேரம் வேண்டும். டப்ளினில் மாறுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்து எடுக்காதீர்கள். அந்தச் சோதனைக்கு அப்பால் போய்விட்டால் சாப்பிடக் கடைகளும் குறைவு, முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

* * *

ஐரோப்பாவிலேயே மாறுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன், பட்டவன் சொல்கிறேன்.

கோதன்பர்க்கிலிருந்து பிராங்பர்ட் வழியாக டென்வர். முதல் விமானத்தில் ஏதோ பழுது, மூன்று மணி நேரம் தாமதம். பிராங்பர்ட் போனபோது டென்வர் விமானம் கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது? மறுநாள் அதே நேரம். கடல் கடக்கும் விமானம் பல ஊர்களுக்கு நாளுக்கு ஒன்றுதான், அதை விட்டால் ஒரு நாளே போச்சு. இதுவே சிகாகோவில் மாறியிருந்தால் டென்வருக்கு நாள் முழுக்க விமானம் இருக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று.

ஒரே ஆறுதல், இரண்டும் ஒரே டிக்கெட். ஹோட்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி கடைசி ஊருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், 3500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ இழப்பீடு. புயல், பனி என்றால் கிடையாது. விமானத்தில் வழக்கமாக வரும் பழுது என்றால் உண்டு. முதலில் 'அசாதாரணச் சூழ்நிலை' என்று ஒரு வரியில் தட்டிக்கழித்தார்கள். விடாமல் எழுதினேன், ஐந்தாவது மாதம் பணம் வந்தது.

என் கணக்கு இதுதான்: கோடை மாலைகளில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இடிமழை வந்தால் உள்நாட்டு விமானங்கள் வரிசையாக நின்றுவிடும், அப்போது ஐரோப்பாவில் மாறுவது மேல். மற்ற சமயங்களில் கடலை முதலில் தாண்டிவிடுவதே நிம்மதி.

* * *

வணக்கம், நாங்கள் டொராண்டோவில். போன வருசம் பாரிசில் மச்சாளின் கலியாணம். லண்டனில் இறங்கி அக்கா வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு யூரோஸ்டார் ரயிலில் போகலாம் என்று நினைத்தோம். காசும் குறைவாகத் தெரிந்தது. விமானம் ஒரு டிக்கெட், ரயில் வேறு டிக்கெட்.

முதல் சிக்கல் கிளம்பும் முன்பே வந்தது. கனேடியக் கடவுச்சீட்டுக்கு 2025 ஜனவரி 8 முதல் பிரித்தானியாவுக்கு இடிஏ என்ற முன் அனுமதி வேண்டும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறிப் போகிறவர்களுக்குத் தேவையில்லை. நாங்கள் வெளியே வந்து ரயில் ஏறுகிற ஆட்கள், அதனால் எங்களுக்கு வேண்டும். இது எனக்குத் தெரிந்தது பெட்டி கட்டிக்கொண்டிருந்த இரவு. கதிரையில் அம்மாவை இருத்தி, போனில் முகத்தைப் படம் எடுத்தால் கண்ணாடி வெளிச்சம் அடிக்கிறது என்று திரும்பத் திரும்பத் தள்ளிவிடுது. கண்ணாடியைக் கழற்றினால் அம்மாவுக்குப் போன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்போது ஆளுக்கு 16 பவுண்ட். நல்ல காலம், அன்றிரவே அனுமதி வந்துவிட்டது.

இரண்டாவது, விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்தியது. ரயில் போய்விட்டது. விமானக் கம்பனியோடு கதைத்தால், 'உங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து விட்டோமே' என்கிறார்கள். அது நியாயமும்தான். வேறு வேறு டிக்கெட் என்றால் இடையில் நடக்கிறதெல்லாம் எங்கள் தலையில்தான் விழும். கலியாணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், தாலி கட்டி முடிந்த பிறகு.

* * *

வகுப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சூரிச்சிலிருந்து லண்டன் வழியாக சிகாகோ, பிசினஸ் வகுப்பு, நம்ப முடியாத விலை. பட்டனை அமுக்கிவிட்டேன். மின்னஞ்சலில் வந்த விவரத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கண்ணில் பட்டது: சூரிச்–லண்டன் பிசினஸ், லண்டன்–சிகாகோ எகானமி. தேடும் பக்கத்தில் மேலே பெரிதாக 'பிசினஸ்' என்று போட்டு, கீழே சாம்பல் நிறத்தில் 'கலப்பு வகுப்பு' என்று ஒரு சின்ன வரி இருந்திருக்கிறது.

ஐரோப்பாவுக்குள் பறக்கும் பிசினஸ் என்பது பெரும்பாலும் அதே எகானமி இருக்கைதான். நடு இருக்கையில் யாரையும் உட்கார வைக்க மாட்டார்கள், சாப்பாடு கொடுப்பார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த மரியாதை, கடலுக்கு மேல் எட்டு மணி நேரம் முழங்காலை மடக்கிக்கொண்டு. நல்லவேளை, அன்றே ரத்து செய்ய விட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு துண்டுப் பயணத்துக்கும் எதிரே எந்த வகுப்பு என்று விரல் வைத்துப் படிக்கிறேன்.

லண்டனிலிருந்தே கிளம்புகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கிருந்து புறப்படும் பயணி வரி, நியூயார்க் தூரத்துக்கு 2025 ஏப்ரலில் எகானமிக்கு 90 பவுண்ட், மேல் வகுப்புகளுக்கு 216. 2026 ஏப்ரலில் 102, 244 என்று ஏறியது. பிரீமியம் எகானமியும் 'மேல் வகுப்பு' கணக்கில்தான் வரும், அதைப் பலர் கவனிப்பதில்லை. வேறு நாட்டில் தொடங்கி, ஒரே டிக்கெட்டில், 24 மணி நேரத்துக்குள் லண்டனில் மாறிப் போனால் இந்த வரி விழாது.

* * *

மேலே சொன்னவருக்கு ஒரு துணைச் செய்தி: பிசினஸ் டிக்கெட் வைத்திருக்கும் உங்களை விமான நிறுவனமே கீழ் வகுப்புக்குத் தள்ளினால், டென்வர் போனவர் சொன்ன அதே ஐரோப்பிய 261 விதிப்படி நீண்ட தூரத்துக்கு அந்தப் பயண விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். எனக்கு நடந்தது. வாயிலில் ஒரு கூப்பனை நீட்டினார்கள், அதை வாங்கவில்லை.

* * *

ஹாம்பர்க் நண்பருக்கு, பாஸ்டனிலிருந்து. எந்தத் திசையில் காசு போடுவது என்று கேட்டீர்கள். நான் வேலைக்காக இருபது தடவைக்கு மேல் லண்டன் போய் வந்திருக்கிறேன்.

மேற்கே போவது பகல். எதிர்க்காற்று, அதனால் நேரமும் அதிகம். தூக்கமே வராது, முழு நேரமும் விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். பிரீமியம் எகானமியின் அகலமான இருக்கை, இருக்கை வரிசைகளுக்கு நடுவே 38 அங்குல இடைவெளி எல்லாம் விழித்திருப்பவருக்குத்தான் பயன். கிழக்கே வருவது இரவு, முதுகில் காற்று. 2020 பிப்ரவரி 9ல் ஒரு புயலைப் பிடித்துக்கொண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. பிசினஸ் வகுப்பில் இருந்தவர்கள் அன்று வேகமாக வந்துவிட்டோமே என்று அழுதிருப்பார்கள்!

சும்மா சொல்லவில்லை. பாஸ்டன்–லண்டன் ஆறரை மணி நேரம் என்று வையுங்கள். மேலே ஏறி விளக்கை அணைக்க அரை மணி, சாப்பாடு ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி இருக்கும்போதே காலை உணவென்று தட்டி எழுப்புவார்கள். மிஞ்சுவது மூன்றரை மணி. தட்டையாகப் படுக்கும் இருக்கைக்குக் கொடுத்த பணம் அந்த மூன்றரை மணிக்குத்தான். ஏறும் முன்பே சாப்பிட்டுவிட்டு, ஏறியதும் 'எழுப்பாதீர்கள்' என்று சொல்லிப் படுக்கிறவருக்கு அது தகும். சாய்ந்து மட்டும் கொடுக்கும் பிரீமியம் எகானமி அந்த இரவில் இரண்டுங்கெட்டான்.

நான் இப்போது செய்வது வேறு. பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டனிலிருந்து லண்டனுக்குக் காலையில் கிளம்பி இரவு சேரும் பகல் விமானங்கள் சில இருக்கின்றன. சாதாரண எகானமியில் வந்து, போய்ச் சேர்ந்த ஊரில் கட்டிலில் படுத்துத் தூங்குகிறேன். ஒரு பகல் போகிறது, அவ்வளவுதான்.

* * *

எல்லாருக்கும் நன்றி. டெட்ராய்ட்டிலிருந்து எங்களுக்கு ஒத்துவருகிற பகல் விமானம் அமையவில்லை. அதனால் இப்படிப் போட்டிருக்கிறேன்: ஒரே டிக்கெட், மறுபடி பிராங்பர்ட், இந்த முறை இடைவெளி 2 மணி 40 நிமிடம். டென்வர் போனவர் சொன்னதும் மனதில் இருக்கிறது, அதனால் ஹாம்பர்க்கிலிருந்து அன்றைய முதல் விமானத்தையே எடுத்தேன். அது போனால் பிராங்பர்ட்டுக்கு அடுத்த ஒன்றாவது இருக்கும். டப்ளின் அக்கா, உங்கள் வழியையும் பார்த்தேன். அதில் போனால் எங்களுக்கு இரண்டு மாற்றம் ஆகிறது, அம்மாவுக்கு அது முடியாது. பிராங்பர்ட்டில் சக்கர நாற்காலி உதவிக்கு இப்போதே எழுதிவிட்டேன்.

போகும்போது அம்மாவுக்கு பிரீமியம், எங்களுக்கு எகானமி என்று சொன்னேன். 'படுக்க முடியாத சீட்டுக்கு எதுக்கு அவ்வளவு காசு, அதுவும் தனியா?' என்று ஒரே மறுப்பு. கடைசியில் மூன்று பேருக்கும் எகானமி, 3-3-3 இருக்கை உள்ள விமானம். ஒரு ஓரத்து மூன்று இருக்கையும் எங்களுக்கு, நடைபாதை ஓரம் அம்மாவுக்கு.

சட்டைகளை இந்த முறை கைப்பையில் வைக்கிறோம். அதிலும் இரண்டு அளவு பெரிதாக. போன தடவை பெட்டியில் வந்ததில் பாதி, தங்கை சொன்னாள், ஒரு மாதத்திலேயே பிள்ளைக்குச் சின்னதாகிவிட்டதாம்.