புதுப்பிப்பு: ஏற்காட்டில் மாட்டிக்கொண்ட வாடகைத் தார் ஜீப்

போன வாரம் கேட்டிருந்தேனே, ராஜஸ்தானின் ஜெய்சல்மர் மணல்மேட்டில் ஓட்டுவதற்கு முன் சேலத்தில் ஒரு மஹிந்திரா தார் ஜீப்பை வாடகைக்கு எடுத்து ஏற்காட்டில் பழகிப் பார்க்கலாமா என்று. பார்த்தாயிற்று. பாதி வெற்றி.

20 கொண்டை ஊசி வளைவும் சிக்கலில்லாமல் ஏறிவிட்டது. வினை காப்பித் தோட்டத்து மண் பாதையில்தான். முந்தின நாள் மழை. பின்சக்கரம் செம்மண்ணில் சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீலில் போடலாம் என்று கியருக்குப் பக்கத்தில் கையை விட்டால், அதற்கான சின்ன லிவர் இருக்க வேண்டிய இடத்தில் சில்லறை போட ஒரு பள்ளம்! 2023 முதல் தார், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையிலும் வருகிறது. வாடகைக்காரர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தோட்டத்து அண்ணன் ஒருவர் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார். “இதை நம்பியா தம்பி பாலைவனம் போறீங்க?” என்றார். பதில் இல்லை.

சேலத்திலிருந்தே ஓட்டிப் போகும் திட்டத்தைக் கைவிட்டேன். ஜெய்சல்மர் வரை ரயில், வாடகை வண்டி அங்கேயே. இந்த முறை அந்தச் சின்ன லிவரைப் போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் முன்பணம். மணலில் டயர் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்க வேண்டும். திரும்பித் தார்ச்சாலை ஏறும்போது நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரசரும் வாங்கிவிட்டேன். அப்புறம், முறையான வாடகை வண்டிதானா என்று தெரிய, நம்பர் பிளேட்டில் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. அது மட்டும் சரியாக இருந்தது.