கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் பிக்கப்பை மலைத்தோட்ட முகாமுக்கு எந்த அளவு ஆயத்தம் செய்ய வேண்டும்?

வாழைத்தோட்டத்தான் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2021ஆம் ஆண்டு மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப் ஒன்று இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவும் லோ ரேஞ்சும் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓடும் கியர் நிலை) உள்ள வண்டிதான் என்றாலும், இதுவரை அது பார்த்த கரடுமுரடான பாதை என் வாழைத்தோட்டத்துக்குள் போகும் மண்பாதை மட்டுமே. செவ்வாழைக் குலைகளையும் மட்டிக் குலைகளையும் ஏற்றிக்கொண்டு திங்கள்சந்தைக்குப் போய்வருவதே அதன் அன்றாட வேலை.

வருகிற ஜனவரியில் நண்பர்கள் ஐந்து வண்டிகளில் சேர்ந்து, தடிக்காரன்கோணத்துக்கு மேலே உள்ள ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில், உரிமையாளரின் அனுமதியுடன், இரண்டு இரவுகள் கூடாரமிட்டுத் தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். தார்ச்சாலை முடிந்த பிறகு செம்மண்ணும் உருளைக்கல்லும் கலந்த செங்குத்தான ஏற்றம் இருக்கிறது. இடையில் ஓர் ஓடையையும் கடக்க வேண்டும். மற்ற நால்வரும் தங்கள் வண்டிகளை உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, வின்ச்சும் (வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) பொருத்தியிருக்கிறார்கள். நான் விசாரித்த உதிரிபாகக் கடையில் சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் உயர்த்துவது, இரும்பு பம்பர், வின்ச், கூரைமேல் கேரியர், எல்இடி விளக்குப் பட்டை என்று நீண்ட பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை முழுதாகச் செய்தால் ஒரு பழைய கார் வாங்கும் பணம் போய்விடும். அதற்கு அடுத்த வாரமே இதே வண்டியில் நான் குலை ஏற்றியாக வேண்டும்.

வண்டியில் நான்கு பேர் வருகிறோம். குடிநீர், சமையல் பொருள்கள், இரண்டு கூடாரங்கள் ஆகியவை என் பொறுப்பில் விடப்பட்டுள்ளன. இந்தப் பட்டியலில் உண்மையாகவே தேவையானது எது, விட்டுவிடக்கூடியது எது என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

தக்கலைப் பட்டறை எழுதியது:

கடைக்காரர் கொடுத்த பட்டியலை முழுவதுமாக ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் வண்டியின் ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் கிலோகிராமில் இருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை. ஆட்களின் எடையும் இதற்குள் அடங்கும். இரட்டைக் கேபின் பிக்கப்புகளில் இந்த மிச்சம், பின்னால் அவ்வளவு பெரிய சரக்குத் தொட்டி இருப்பதைப் பார்த்து நாம் ஊகிப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். தலைக்கு 70 கிலோ என்று வைத்தால் நான்கு பேருக்கு 280 கிலோ; 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ; கூடாரம், அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் சேர்ந்து இன்னொரு ஆளின் எடைக்கு எளிதாக வந்துவிடும். இதற்கு மேல் இரும்பு பம்பரும் வின்ச்சும் முன்பக்கம் ஏறினால், வண்டி புறப்படும் முன்பே அதன் வரம்பைத் தொட்டுவிடும். வலிமை சேர்க்கிறோம் என்று நினைத்துச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் ஏற்றத்தில் எஞ்சினுக்கும், இறக்கத்தில் பிரேக்குக்கும் பாரமாகவே போய்ச் சேரும்.

பளுவை வைக்கும் இடமும் முக்கியம். தண்ணீர்க் கேன்களும் அடுப்பும் கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக இருக்க வேண்டும். பின்கதவை ஒட்டி வைத்தால் முன்சக்கரங்களின் மேல் இருக்கும் எடை குறைந்து, ஏற்றத்தில் ஸ்டியரிங்குக்கு வேண்டிய பிடிப்பு போய்விடும். கூரைமேல் எதுவும் வேண்டாம். பக்கவாட்டுச் சரிவுள்ள தோட்டப் பாதையில் உயரத்தில் இருக்கும் எடைதான் வண்டியைக் கவிழ்க்கும். பொருள்களை ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கி, மேலே தார்ப்பாய் கட்டுங்கள். லோ ரேஞ்சில் குலுங்கும் குலுக்கலில் சாதாரணக் கயிற்று முடிச்சு நிற்காது.

அடுத்தது டயர். இப்போது உள்ள டயரில் பூ (தரையைப் பிடிக்கும் பள்ளங்கள்) நன்றாக இருந்தால் ஜனவரி மாதத்துக் காய்ந்த பாதைக்கு அதுவே போதும். எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் மட்டும் அதே அளவில், சுமைக் குறியீடு குறையாத, எல்லா வகைப் பாதைக்கும் உரிய ஆல் டெரெய்ன் டயர் வாங்குங்கள். உண்மையில் பணம் செலவழிக்க வேண்டியது ஒரு நல்ல 12 வோல்ட் கம்ப்ரஸருக்கும், நம்பக்கூடிய காற்றழுத்த மானிக்கும்தான். தார்ச்சாலை முடியும் இடத்தில் இறங்கி, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து 25 பிஎஸ்ஐ வரை குறையுங்கள். எதிர்பாராத மழையில் செம்மண் குழைந்துவிட்டால் 20 வரை போகலாம். 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டு விலகும் ஆபத்து உண்டு. காற்றைக் குறைத்தால் டயர் தரையைத் தொடும் பகுதி நீண்டு, கல்லை வளைந்து கொடுத்துக் கடக்கும். சாலை மேடுபள்ளங்கள் உடம்புக்கும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும் என்பதால், பாதையோரம் வெட்டிவிட்ட கம்புக் குற்றிகளில் உரசாமல் ஓட்ட வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் கிட் பயன்படாது. திரும்பும்போது தார்ச்சாலையில் ஏறுவதற்கு முன் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பிவிடுங்கள்; குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறிக் கெட்டுவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே உள்ள ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். இந்த வகை வண்டிகளில் ஸ்டெப்னி அடியில், ஒரு சின்னச் சங்கிலி வின்ச்சில் தொங்குகிறது. குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் அது துருப்பிடித்து இறுகிப்போய், தேவைப்படும்போது இறங்க மறுத்துவிடும். அப்படிப்பட்ட வண்டிகள் என் பட்டறைக்கு அடிக்கடி வருகின்றன. வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை ஸ்டெப்னியை இறக்கி, சங்கிலிக்குக் கிரீஸ் போட்டு, அந்த டயரிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கி நெகிழ்ந்த மண்ணில் புதைந்துவிடும் என்பதால், ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் தடித்த அயினிப் பலகை ஒன்றை அடியில் வைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பேட், பேட்டரி முனைகள், ரேடியேட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சர்வீசில் பார்த்துவிடுவார்கள். ஃபோர் வீலை நீங்கள் அதிகம் பயன்படுத்தியதில்லை என்று தோன்றுவதால், புறப்படுவதற்கு முன் ஒரு மண்தரையில் 4ஹெச் (ஃபோர் வீல், சாதாரண வேகம்), 4எல் (ஃபோர் வீல், லோ ரேஞ்ச்) இரண்டும் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையிலும் கான்கிரீட்டிலும் அதைப் போட்டுத் திருப்ப வேண்டாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேக வேறுபாட்டை ஏற்கும் டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் இல்லாததால், அந்த முறுக்கு முழுவதும் கியர்பெட்டி மேல் விழும்.

எல்லைக்கல் எழுதியது:

பட்டறைக்காரர் சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. வெளியில் வாங்கிப் பொருத்தும் இரும்பு பம்பர்களை மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017ஆம் ஆண்டிலேயே சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகிற எண்ணம் எப்போதாவது இருந்தால், அங்கே இந்தச் சோதனை கெடுபிடியாகவே இருக்கும்.

அதைவிட முக்கியமானது எல்லை. தோட்டத்தின் மேல்வேலிக்கு அப்பால் வனம் தொடங்குகிறது. கைப்பேசி வரைபடத்தில் பாதை போலத் தெரியும் கோடு அனுமதி ஆகாது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி குற்றம். உரிமையாளரிடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கி ஒவ்வொரு வண்டியிலும் ஒரு நகல் வையுங்கள். எல்லைக்கற்கள் எங்கே இருக்கின்றன என்பதைத் தோட்ட மேற்பார்வையாளரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வடக்கயிறு எழுதியது:

வின்ச் உங்களுக்குத் தேவையில்லை என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் உங்கள் வண்டி சிக்கினால் மற்ற நால்வரில் ஒருவர் கட்டி இழுக்கத்தான் போகிறார். அவர் எந்த இடத்தில் கட்டுவார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். வண்டிக்கு அடியில் தெரிகிற எல்லாக் கொக்கிகளும் இழுப்பதற்கானவை அல்ல. சில, வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவரும்போது அசையாமல் கட்டிவைப்பதற்கு மட்டுமே அமைந்தவை. உரிமையாளர் கையேட்டில் இழுக்கும் இடம் எது என்று படம் போட்டிருக்கும். அதில் பெயின்ட் தடவி அடையாளம் செய்துவையுங்கள். டிரெய்லர் கட்டுகிற உருண்டையில் எக்காரணம் கொண்டும் கயிற்றை மாட்டி வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள். அது முறிந்து பறந்து வந்து கண்ணாடியைத் துளைத்து உயிரைப் பறித்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

கயிறு குழுவுக்கு ஒன்று போதும். ஆனால் அது நீண்டு கொடுக்கும் ஸ்நாட்ச் ஸ்டிராப்பாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நீளும் தன்மையால்தான் அது அதிர்ச்சியைத் தாங்கி மெல்ல இழுக்கிறது. அதன் முறிவு வலிமை, இரண்டு வண்டிகளில் இலகுவானதன் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். உங்கள் வண்டிக்கு 8 டன் கயிறு பொருந்தும். 4.75 டன் என்று பொறிக்கப்பட்ட ஷேக்கிள் (கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையம்) இரண்டு சேர்த்து வாங்குங்கள். இரும்புச் சங்கிலியையும், மரம் ஏற்றும் லாரிகளிலிருந்து இரவல் வாங்கும் கம்பிவடத்தையும் கொண்டு வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கனமான சாக்கு ஒன்றைப் போட்டு, கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் எல்லோரும் நிற்க வேண்டும்.

இழுப்பது கடைசி வேலை. அதற்கு முன் மம்பட்டியால் சக்கரத்தின் முன்னும் பின்னும் தோண்டுங்கள். காற்றை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். காய்ந்த ஓலையோ பலகையோ சக்கரத்தடியில் போட்டு, வந்த வழியே பின்னால் எடுத்துப் பாருங்கள். பத்தில் எட்டுக்கு இதிலேயே வண்டி வெளியே வந்துவிடும் என்று நான் தயங்காமல் சொல்வேன். ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் குறுக்காகத் திருப்ப முயலாமல், ரிவர்ஸ் கியரில் நேராகவே இறங்குங்கள். இறக்கத்தில் லோ ரேஞ்ச் முதல் கியரில் போட்டுவிட்டுக் கிளட்ச்சில் கால் வைக்காமல் எஞ்சினின் பிடிப்பிலேயே வரட்டும்.

கைப்பேசிச் சிக்னல் அந்த மலை மடிப்புகளில் நம்பத்தக்கதல்ல. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த திறன் வாக்கி-டாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால், வண்டிக்கு ஒன்றாக அவற்றை ஏற்பாடு செய்யலாம். வாங்கும்போது அந்த அலைவரிசைக்கு மட்டுமே உரிய கருவிதானா என்று பார்த்து வாங்குங்கள்.

வாழைத்தோட்டத்தான் எழுதியது:

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஆர்சியைப் பார்த்தேன், தண்ணீரில் பாதியையும் ஒரு கூடாரத்தையும் இன்னொரு வண்டிக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. வின்ச் வைத்திருக்கும் நண்பர்கள் ரப்பர் மரத்தில் வடத்தைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், அது சரியா? ஓடையை எந்த ஆழம் வரை, கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள வண்டியில் கடக்கலாம்?

அயினிமூடு எழுதியது:

நான் ரப்பர் தோட்ட மேற்பார்வையில் இருப்பவன் என்பதால் முதல் ஐயத்துக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: ரப்பர் மரத்தில் வடம் கட்டக் கூடாது. பால் வெட்டுகிற பட்டைதான் அந்த மரத்தின் வருமானம்; அது ஒருமுறை நசுங்கினால் அந்தப் பகுதியில் மறுபடி வெட்ட முடியாது. பட்டைக்குப் பாதுகாப்பாக அகலமான பெல்ட் போட்டாலும், ரப்பர் எளிதில் முறியும் மரம்; காற்றுக்கே நடுவில் ஒடிந்து விழுவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறோம். பாதையோரத்தில் பலாவோ அயினியோ பருத்து நின்றால், அதில் பெல்ட் சுற்றி, தரையை ஒட்டிக் கட்டலாம்; அதுவும் உரிமையாளரைக் கேட்டுவிட்டு.

ஓடையை முதலில் ஒருவர் கம்புடன் நடந்து கடக்க வேண்டும். சக்கரத்தின் நடு உயரத்துக்கு மேல் தண்ணீர் இருந்தாலோ, நிற்பவரின் காலை நீரோட்டம் இழுத்தாலோ கடக்க வேண்டாம். எஞ்சினுக்குள் காற்றோடு தண்ணீர் போனால் பிஸ்டன் கம்பி வளைந்துவிடும். லோ ரேஞ்சில், நடுவில் நிற்காமல், ஒரே சீரான மெதுவான வேகத்தில் போங்கள். மலையில் மழை பெய்தால் ஓடை சிறிது நேரத்திலேயே உயரும் என்பதால், முகாமை ஓடைக்கரையில் போடாதீர்கள். வீடு திரும்பியதும் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

இனி, யாரும் கேட்காத ஒன்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலையுதிர்க்கும் காலம். நீங்கள் வருகிற ஜனவரியில் தோட்டத் தரை முழுவதும் முழங்கால் மறையும் அளவுக்குச் சில இடங்களில் சருகு குவிந்திருக்கும். அதில் இரண்டு ஆபத்துகள் மறைந்துள்ளன. ஒன்று, நீரையும் வண்டலையும் பிடிப்பதற்காக நாங்களே வெட்டி வைத்திருக்கும் குழிகள்; ஒரு சக்கரம் முழுவதும் இறங்குகிற அளவுக்கு அவை இருக்கும். ஆகவே பாதையை விட்டு மரவரிசைக்குள் வண்டியைத் திருப்பாதீர்கள். மற்றொன்று தீ. உங்கள் வண்டி பிஎஸ் 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல். அதன் புகைக்குழாயில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தானாகவே சுத்திகரித்துக்கொள்ளும் நேரத்தில் உள்ளே வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்த நிலையில் காய்ந்த சருகின் மேல் வண்டியை நிறுத்தினால் அடியில் தீப்பற்றும் வாய்ப்பு உண்மையானது. ஆகவே வண்டிகளை நிறுத்தும் இடத்தில் மட்டும் சருகைப் பெருக்கி மண் தெரிய வைத்துவிட்டு நிறுத்துங்கள்; சமையலும் அதே போலத் துப்புரவு செய்த இடத்தில், கேஸ் அடுப்பில் மட்டும். ஐந்து வண்டிகளிலும் தலா ஒரு 2 கிலோ ஏபிசி பவுடர் அணைப்பான் இருக்கட்டும். சரக்குத் தொட்டியின் அடியில் புதையாமல், கைக்கெட்டும் இடத்தில்.

பால் வெட்டுபவர்கள் விடியும் முன்பே தலைவிளக்குடன் வருவார்கள். பிறகு பால் சேகரிக்கும் வண்டி வரும். ஒற்றைப் பாதையில் ஐந்து வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி அவர்கள் வழியை மறித்துவிட்டால், உரிமையாளரின் அனுமதி இருந்தும் பயனில்லை.

தக்கலைப் பட்டறை எழுதியது:

அயினிமூடு நண்பர் சொன்ன வடிகட்டி விஷயத்துக்கு ஒரு வழி உண்டு. புறப்படுவதற்கு முந்தைய நாள், காவல்கிணறு வரையிலான நான்குவழிச் சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். அதற்குள் பெரும்பாலும் சுத்திகரிப்பு நடந்து முடிந்துவிடும். டேஷ்போர்டில் வடிகட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அது அணையும் வரை தோட்டத்துக்குள் நுழைய வேண்டாம். சந்தைக்குக் குறுகிய தூரம் மட்டுமே ஓடுகிற வண்டிக்கு இந்த விளக்கு அடிக்கடி எரியும் என்பதால், உங்கள் வண்டியில் இதைக் கட்டாயம் பாருங்கள்.