ஜிம்மி கார்ட்டர் தனியாக அணு உலைக்குள் குதித்தாரா? (மகளின் பேச்சுப்போட்டிக்காகக் கேட்கிறேன்)

வைகைக்கரை:

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பேச்சுப்போட்டி, தலைப்பு ‘கடற்படையிலிருந்து நாட்டின் தலைமைக்கு’. கென்னடியை வகுப்பில் வேறு மூன்று பேர் எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். அதனால் இவள் ஜிம்மி கார்ட்டரைப் பிடித்துக்கொண்டாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மைத்துனர் அனுப்பிய செய்தியை மூன்று நாளாக மனப்பாடம் செய்கிறாள். அணு நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டனாக இருந்தவராம். கனடாவில் அணு உலை வெடிக்கப்போன நேரத்தில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தனியாக உள்ளே குதித்தாராம். ஒரு நாட்டையே காப்பாற்றினாராம்.

கேட்கும்போதே இடைவேளைக்கு முந்தைய காட்சி போல இருக்கிறது. இதில் எவ்வளவு உண்மை? அவ்வளவு பெரிய வீரர் கடற்படையை விட்டு ஏன் வேர்க்கடலை வியாபாரத்துக்குப் போனார்? நடுவர்களில் ஒருவர் இயற்பியல் ஆசிரியர் என்பதால் கொஞ்சம் அவசரம்.

மொட்டைமாடி:

உண்மைதான் நண்பரே. அவர் அணு இயற்பியலில் பட்டம் பெற்ற விஞ்ஞானி. தாராளமாகப் பேசச் சொல்லுங்கள்.

இயந்திரஅறை:

வைகைக்கரை தம்பி, அவசரப்பட்டு மேலே உள்ள பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டாம். நான் சரக்குக் கப்பல்களில் செகண்ட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். மைத்துனர் அனுப்பியதில் கனடா சரி, கார்ட்டர் சரி. மற்றதெல்லாம் வழியில் முளைத்த கை கால்.

அவர் கேப்டன் அல்ல, லெப்டினன்ட். அணு நீர்மூழ்கியில் பணியாற்றவும் இல்லை. உலகின் முதல் அணு நீர்மூழ்கியான நாட்டிலஸ் தண்ணீரில் இறங்கியதே 1954 ஜனவரியில்தான். இவர் 1953 அக்டோபரிலேயே விலகிவிட்டார். இவர் போனதெல்லாம் டீசலிலும் பேட்டரியிலும் ஓடிய கப்பல்கள். அவற்றில் ஒன்றான பாம்ஃப்ரெட்டில், ஒரு புயல் இரவில் மேல்தளத்தில் காவல் நின்றவரை அலை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. சுமார் பத்து மீட்டர் பின்னால் இருந்த பீரங்கிக் குழாயின் மேல் கொண்டுபோய்ப் போட்டது. அதைக் கட்டிக்கொண்டு தப்பினார். அலை சற்றே சாய்ந்து அடித்திருந்தால் அமெரிக்காவுக்கு 39-வது அதிபர் வேறு யாரோ. சாகசம்தான் வேண்டுமென்றால் குழந்தை இதைச் சொல்லட்டும்.

பட்டம் என்றால், அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் 1946-இல் வாங்கியது. சுமார் 820 பேரில் 60-ஆம் இடத்தை ஒட்டி வந்தவர். அணு நீர்மூழ்கித் திட்டத்தை நடத்திய ரிக்கோவர் நேர்காணலில் இந்த இடத்தைக் கேட்டுவிட்டு, முழு முயற்சியும் செய்தாயா என்று கேட்டாராம். இல்லை என்று கார்ட்டர் ஒப்புக்கொள்ள, ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாராம் மனிதர். ஆனாலும் வேலை கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் இரண்டாவது அணு நீர்மூழ்கியான சீவுல்ஃபுக்கு வரப்போகும் ஆட்களைத் தயார் செய்யும் பணி. கூடவே அங்குள்ள யூனியன் கல்லூரியில் அணு இயற்பியல் வகுப்புகள். படித்தார், பட்டம் வாங்கவில்லை.

இனி கனடா. ஒன்டாரியோ மாநிலத்தில் சாக் ரிவர் என்ற ஊரில் என்.ஆர்.எக்ஸ் என்ற ஆராய்ச்சி உலை. 1952 டிசம்பர் 12 அன்று, உலையின் வேகத்தை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் கோளாறும் ஆட்களின் தவறும் ஒன்றாகச் சேர்ந்து எரிபொருள் உருகிவிட்டது. உலையை அன்றே நிறுத்திவிட்டார்கள். அடித்தளத்தில் சுமார் 4,500 டன் கதிரியக்கத் தண்ணீர் தேங்கி நின்றது. கார்ட்டரும் அவருடைய ஆட்களும் போய்ச் சேர்ந்தது இதற்குப் பிறகு. ஆக, வெடிக்கப்போன உலையை அவர் தடுக்கவில்லை. கெட்டுப்போன உலையைக் கழற்றப் போனார். தனியாகவும் இல்லை. அவருடன் இருபதுக்கு மேற்பட்டவர்கள். மொத்தமாகப் பார்த்தால் கனடா ஊழியர்கள் நூற்றுக்கணக்கில், அமெரிக்கக் கடற்படையினர் நூற்றுக்கும் மேல்.

ஆனால் நிஜமாக நடந்தது எனக்கு இந்தக் குதிக்கிற கதையைவிடப் பிடிக்கும். உள்ளே ஓர் ஆள் நிற்கக்கூடிய நேரம் ஏறக்குறைய 90 விநாடி. அதற்குள் இறங்கி, தன் பங்கு போல்ட்டைக் கழற்றி, வெளியே வந்துவிட வேண்டும். அதனால் பக்கத்திலிருந்த ஒரு டென்னிஸ் மைதானத்தில் உலையின் அச்சு அசலான மாதிரியைக் கட்டினார்கள். ஒவ்வொருவரும் பாதுகாப்பு உடையோடு அதில் ஓடி, கழற்றி, திரும்பிப் பழகினார்கள். உள்ளே ஒரு போல்ட் கழன்றால், மாதிரியிலும் அதே போல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். அடுத்து இறங்குகிறவனுக்கு எது மிச்சம் என்பது கைக்கே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பிறகு பல மாதங்கள் அவர்களுடைய சிறுநீரையும் மலத்தையும் சோதித்தார்கள். கார்ட்டருக்கு அப்போது 28 வயது.

ஒருமுறை நடுக்கடலில் பாய்லர் குழாய் ஒன்று ஒழுகி, முழுதாக ஆறும்வரை காத்திருக்க முடியாமல் உள்ளே போக வேண்டியதாயிற்று. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று முறை. முதலில் போன நான் அளவு தவறிய ஸ்பேனரோடு போய், மூன்று நிமிடமும் வெந்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன். எனக்கு அடுத்து இறங்கிய ஃபிட்டர் வெளியே தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நாலு தடவை காற்றில் சுழற்றிப் பார்த்தார். பிறகு போய் முடித்துவிட்டு வந்தார். டென்னிஸ் மைதானத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

விலகிய காரணம் அப்பா. 1953 ஜூலையில் கணையப் புற்றுநோயில் இறந்தார். சொந்த ஊரான பிளெய்ன்ஸில் பாதிப் பேர் அவரிடம் விதைக்கடன் வாங்கியவர்கள், வேர்க்கடலை நிலமும் கிடங்கும் பார்க்க ஆள் இல்லை. கார்ட்டர் மனைவியைக் கலந்துகொள்ளாமல் ராஜினாமா எழுதிவிட்டார். ரோசலின் ஊர் திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லையாம். என்னைக் கேட்டால் அந்த அம்மாள் பக்கம்தான் நியாயம். போன மறு வருடமே வறட்சி. ஆண்டு முழுக்க உழைத்து 300 டாலர்கூடக் கையில் நிற்கவில்லை. அரசு கட்டிக்கொடுத்த குறைந்த வாடகை வீட்டில் இருந்தார்கள்.

விக்ரோலிவாசி:

மும்பையிலிருந்து ஒரு சின்னச் சேர்க்கை. கார்ட்டரின் அம்மா லில்லியன் ஒரு நர்ஸ். 1966-இல், 68 வயதில், அமெரிக்க அரசின் ‘பீஸ் கார்ப்ஸ்’ (அமைதிப்படை, ராணுவம் அல்ல) தொண்டராக எங்கள் விக்ரோலிக்கு வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். மகன் அதிபராக 1978 ஜனவரியில் இந்தியா வந்தபோது குர்காவ் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனார். அந்தக் கிராமம் பெயரையே கார்ட்டர்புரி என்று மாற்றிக்கொண்டது. அதே பயணத்தில்தான் தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கான எரிபொருள் விஷயமாக மொரார்ஜி தேசாய்க்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தம் அமைச்சரிடம் அவர் சொன்னது ஒலிவாங்கியில் விழுந்துவிட்டது. அணு விஷயத்தில் ஆள் கறார்தான்.

வைகைக்கரை:

இயந்திரஅறை ஐயா, மிக்க நன்றி. மைத்துனருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. மகள்தான் உங்கள் பதிலைக் குழுவில் போட்டுவிட்டாள், அங்கே ஒரே அமைதி.

ஒரு சந்தேகம். அதிபரான பிறகு இந்த அனுபவம் எப்போதாவது பயன்பட்டதா? கடைசி ஒரு நிமிடத்துக்கு அவளுக்கு விஷயம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று இரவு 90 விநாடியில் என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறேன் என்று என் கைக்கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டு, தோட்டக் கையுறை மாட்டி, குக்கர் கைப்பிடித் திருகைக் கழற்ற உட்கார்ந்தாள். மூன்று தடவை முயன்றும் பாதிகூடக் கழலவில்லை. இன்று சாப்பாடு வெளியிலிருந்து வந்தது.

இயந்திரஅறை:

பயன்பட்டது தம்பி. 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் உலையில் விபத்து. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 1, ஊரைவிட்டு ஜனங்கள் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தபோது கார்ட்டர் மனைவியையும் அழைத்துக்கொண்டு நேரே அதன் கட்டுப்பாட்டு அறைக்குள் போனார். காலணியின் மேல் மஞ்சள் நிற உறை மாட்டிய புகைப்படம் இருக்கிறது, அட்டையில் ஒட்டி மேடைக்கு எடுத்துப் போகலாம்.

குக்கர் திருகு துருப்பிடித்திருக்கும். ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் கழித்துத் திருப்பச் சொல்லுங்கள். முதல் தடவை கையுறை இல்லாமல் பழகட்டும்.