மாடியில் தர்பூசணி: எந்த ரகம் போடலாம்?

வைகைக்கரை மாடி:
மதுரையில் மொட்டைமாடி, நாள் முழுக்க வெயில். போன தை மாதம், கடையில் வாங்கின பழத்தின் விதையையே கழுவி உலர்த்தி இரண்டு பையில் போட்டேன். கொடி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணிக்கொடி வரை போய்விட்டது. பூவுக்குக் குறைவில்லை. பிஞ்சுதான் கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளாகி விழுந்தது. தேறியது ஒன்றே ஒன்று. அறுத்தால் வெளிறின ரோஸ், சுரைக்காய் மாதிரி சப்பென்று. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன், அது மட்டும் நன்றாக இருந்தது!

வரும் தையில் ஒழுங்கான விதை வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்த ரகம்? பக்கத்தில் முலாம்பழம், வெள்ளரிப்பழம் வைத்தால் மகரந்தம் கலந்து ருசி கெடுமா?

திண்டிவனத்தான்:
அக்கா, கடைப்பழம் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அந்த விதை தாயைப் போல வராது.

மாடிக்கு என் ஓட்டு அர்கா முத்துவுக்கு. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்து ரகம். கொடி நாலடியோடு நின்றுவிடும், பழம் 2.5 முதல் 3 கிலோ, 75-80 நாளில் கைக்கு வரும். அது கிடைக்காவிட்டால் சுகர் பேபி. கரும்பச்சை உருண்டை, விதை சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கொடி ஓடும். அதே நிறுவனத்து அர்கா மாணிக் வரி போட்ட பழம், நல்ல ருசி. ஆனால் 6 கிலோ எடை, தரையில் போட வேண்டியது. பெரியகுளம் பி.கே.எம். 1 நாலு மாதம் இழுக்கும். விதையில்லாத ரகம் பக்கம் போகவே வேண்டாம்: அதற்கு மகரந்தம் கொடுக்க விதையுள்ள ரகம் ஒன்றைப் பக்கத்தில் வளர்த்தாக வேண்டும்.

பிஞ்சு விழுந்தது விதையின் குற்றமில்லை. மாடிக்குத் தேனீ வந்திருக்காது. காலையில் பாருங்கள், பெண்பூவுக்கு அடியில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, பூனை ரோமம் போல மெல்லிய முடியோடு ஒரு பிஞ்சு இருக்கும். அன்று பூத்த ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுவில் இருப்பதைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு கொடிக்கு இரண்டு காய்க்கு மேல் விடாதீர்கள்.

அப்புறம், பறிப்பது. எல்லாரும் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். என் அப்பா தட்டவே மாட்டார். குனிந்து, காய்க் காம்புக்குப் பக்கத்துச் சுருள் காய்ந்து கருகியிருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு லேசாகப் புரட்டுவார். தரையில் படிந்த இடம் வெள்ளையாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவார், வெண்ணெய் மஞ்சளானால் கத்தி. அவசரப்பட்டுப் பறித்துவிட்டால் வீட்டில் வைத்து இனிப்பேறாது.

கோவை கொடிப்பந்தல்:
மகரந்தக் கேள்விக்கு மட்டும் நான். தர்பூசணியும் முலாம்பழமும் ஒன்றோடொன்று கலக்காது. முலாம்பழமும் நம் வெள்ளரிப்பழமும் ஒரே இனம், அவை கலக்கும். கலந்தாலும் இந்த வருடப் பழத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த விதையை எடுத்து அடுத்த வருடம் போட்டால்தான் எதுவோ காய்க்கும்.

பந்தலில் ஏற்றினால் முலாம்பழத்துக்குப் பழைய வெங்காயப் பை நல்ல தொட்டில். தோல் வலை போட்டதும் தினமும் காம்பைத் தொட்டுப் பாருங்கள். பழுத்தால் பல ரகங்களில் தானாகவே கழன்று வரும். வெள்ளரிப்பழம் கொஞ்சம் அடாவடி, பழுத்த அன்றே வெடித்து மாவு கொட்டும். ரோட்டோரம் பனையோலையில் கட்டி விற்பது அதற்காகத்தான். வெடிப்பு விடத் தொடங்கியதும் பறித்து, நாட்டுச் சர்க்கரை தூவிச் சாப்பிடுங்கள். எனக்குத் தர்பூசணியைவிட அதுதான் பிடிக்கும், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

பிஞ்சிலேயே காகிதப் பையால் மூடிவிடுங்கள், பழ ஈ விடாது.

வைகைக்கரை மாடி:
நன்றி தம்பி, நன்றி கொடிப்பந்தல். அப்படியானால் அர்கா முத்து இரண்டு பை, வெள்ளரிப்பழம் ஒரு பை. ஒரு சந்தேகம்: போன முறை முதல் பத்து நாள் வெறும் ஆண்பூவாகவே வந்தது. பையில் ஏதாவது சத்துக் குறைவா?

திண்டிவனத்தான்:
இல்லை அக்கா, முதலில் ஆண்பூதான் வரும். காத்திருங்கள், யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். கொடி மறுபடியும் துணிக்கொடிக்குப் போய்விடும்.