என்ட்ரெயின்மெண்ட்டுக்கு ஒரு சொல்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

நெல்லையாள் | வெள்ளி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாமாண்டு விலங்கியலுக்குத் தமிழில் ஓர் இயல் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. உடலின் நாள்தாளத்தைச் சொல்லும் 'சர்க்கேடியன்' வரைக்கும் எப்படியோ ஓட்டிவிட்டேன். 'என்ட்ரெயின்மெண்ட்'டில் வண்டி நின்றுவிட்டது.

சங்கதி இதுதான். சுண்டெலியை ஒரு சக்கரத்தோடு முழு இருட்டில் விட்டால் நாள் தவறாமல் ஓடும். ஆனால் அதன் 'நாள்' 24 மணி நேரம் இல்லை, கொஞ்சம் குறைவு. அதனால் தினமும் சில நிமிடங்கள் முன்கூட்டியே சக்கரம் ஏறும். வாரக்கணக்கில் விட்டால், நம் கடிகாரம் நண்பகல் காட்டும்போது அது இரவு என்று நினைத்து ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சமும் இருளும் முறைவைத்து வரும் அறைக்கு மாற்றினால் இந்த நழுவல் நின்றுவிடும். உள்ளே ஓடும் கடிகாரத்தை வெளிநாள் பிடித்து நிறுத்துகிறதே, அதற்குத்தான் சொல் கேட்கிறேன்.

போன வருடம் 'ஒத்திசைவு' என்று சொல்லிக்கொடுத்தேன். "இசைக்கவையில் வந்ததுதானே மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

கூடவே 'மாஸ்கிங்', 'சைட்கேபர்' (கடிகாரத்துக்கு நேரம் காட்டும் வெளிக்குறிப்பு, வெளிச்சம் மாதிரி) இரண்டுக்கும் சொல் கிடைத்தால் புண்ணியம்.

நிரலன் | வெள்ளி, இரவு 9:30

மேடம், 'என்ட்ரெயின்மெண்ட்' என்றே போடுங்கள். பசங்கள் நாளைக்கு ஆய்வுக் கட்டுரை படிக்கப் போவது ஆங்கிலத்தில்தானே? 'சைட்கேபர்' ஜெர்மன் சொல். 1954இல் ஆஷோஃப் என்ற ஆய்வாளர் கொடுத்ததை ஆங்கிலக்காரனே மாற்றாமல் வைத்திருக்கிறான். அவனுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

புலவர் ஐயா | சனி, அதிகாலை 3:50

அன்புடையீர்,

வெட்கம் வேறு, சோம்பல் வேறு. நிரலனார் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டார்.

'என்ட்ரெயின்' பிரெஞ்சிலிருந்து வந்தது. 'தன்னோடு இழுத்துச் செல்' என்பது பொருள். புகைவண்டிக்கும் பயிற்சிக்கும் பெயர் தந்த அதே இழுப்புதான். ஆகவே 'பயிற்றுதல்' என்று யாரும் தொடங்குமுன் தடுத்துவிடுகிறேன்.

பொழுதைப் பற்றிய சொல்லுக்குத் தமிழன் கடன் வாங்க வேண்டியதில்லை. நிலத்துக்கு ஒரு சிறுபொழுது வகுத்தவன். பாசறையின் நள்ளிரவில் நீர்க்கடிகை பார்த்து வேந்தனுக்கு நேரம் சொல்ல ஆள் வைத்திருந்தவன். 'பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்' என்று முல்லைப்பாட்டு அவர்களைச் சொல்லும். அங்கே கருவியின் பெயர் 'குறுநீர்க் கன்னல்'. விலங்கின் உடலுக்குள் ஓடுவதைக் 'கடிகாரம்' என்னாமல் 'உட்கன்னல்' என்றால் என்ன குறைந்துவிடும்?

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். எல் என்றால் ஒளி, பகல், கதிரவன். பிணித்தல் என்றால் கட்டுதல். எல் + பிணி = எற்பிணி. நெய்தலின் சிறுபொழுதான எற்பாடு போலப் புணர்ச்சி. உயிரைப் பகலோடு கட்டும் கட்டு. மூன்றே எழுத்தில் 'எற்பி' என்று வினையாகவும் சுருக்கலாம்.

யாழ்வாடி | சனி, காலை 6:05 (டொரோண்டோவில் இன்னும் வெள்ளி இரவு)

ஐயா, குறை நினையாதேங்கோ. 'எற்பிணி' எண்டால் பிள்ளையள் அது ஏதோ வருத்தம் எண்டு நினைப்பினம். 'ஆசிரியைக்கு எற்பிணி கண்டிருக்கு' எண்டு கதைப்பினம். கன்னல் எண்டால் கரும்பு எண்டுதான் எங்கட வீட்டில விளங்கும். நாங்கள் 'மணிக்கூடு' எண்டுதான் சொல்லுறனாங்கள், அது நல்ல தமிழ்தானே?

நாங்கள் உயர்தரத்தில உயிரியலைத் தமிழிலதான் படிச்சனாங்கள். அதால இன்னொரு எச்சரிக்கை: ஆரும் 'இசைவாக்கம்' எண்டு முன்மொழிய வேண்டாம். எங்கட புத்தகங்களில அது தகவமைப்புக்குப் போட்ட சொல். ஒரே சொல் ரெண்டு கரையில ரெண்டு பொருளில போனால் மாணவர்தான் இடையில நிண்டு முழிப்பினம்.

நெல்லையாள் | சனி, காலை 8:20

ஐயா, 3:50க்கு மடல் போடும் உங்கள் உட்கன்னலைப் பற்றியே ஒரு இயல் எழுதலாம்!

'எற்பிணி' காதுக்கு அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு இடிப்பது பிணி இல்லை, 'எல்'. கடிகாரத்தைப் பிடித்து நிறுத்துவது வெளிச்சம் மட்டும் இல்லையே.

டொரோண்டோப் பல்கலைக்கழகத்தில் ம்ரொசோவ்ஸ்கி 1980களில் வெள்ளெலிகளை வைத்துச் செய்த சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) இரவில் நடமாடும் பிராணி. அது ஓய்ந்து கிடக்கும் நேரத்தில் எழுப்பிப் புதுச் சக்கரம் ஒன்றில் விட்டால், புதுப் பொருள் கண்ட குழந்தை மாதிரி மணிக்கணக்கில் ஓடும். ஓடி முடித்த பிறகு பார்த்தால் கடிகாரமே முன்னால் நகர்ந்திருக்கும். சில சமயம் இரண்டு, மூன்று மணி நேரம்கூட. அதன் 'பகல்' நடுவில் வெளிச்சம் காட்டினால் கடிகாரம் அசையவே அசையாது. வெளிச்சத்துக்குக் கதவு சாத்தியிருக்கும் அந்த நேரத்தில்தான் ஓட்டத்துக்குக் கதவு திறக்கிறது.

உணவும் அப்படித்தான். பகலில் குறித்த நேரம் மட்டும் இரை வைத்தால், மூளையின் கடிகாரம் இருந்த இடத்திலேயே இருக்க, ஈரலின் கடிகாரம் மட்டும் சாப்பாட்டு நேரத்துக்கு இடம் மாறிவிடும்.

நம் ஊர்ச் சான்றும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களைக் கவனித்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவால், கூட்டம் வெளியே கிளம்பித் திரும்பும் நேரத்தையே பிடித்துக்கொண்டது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்தால் அதன் கடிகாரம் நழுவிப் போனது. வெளிச்சம் இல்லை, கட்டு மட்டும் இருந்தது. இதற்கு 'எல்'லை எங்கே ஒட்டுவது?

புலவர் ஐயா | சனி, முற்பகல் 10:15

நன்று. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நேரம் சொன்னது யார்? குகைக்கு வெளியே மறையும் எல்தானே? கூண்டு வௌவால் கூட்டத்தைப் பார்த்தது, கூட்டம் கதிரைப் பார்த்தது. வேர் அங்கேதான் போகிறது.

நெல்லையாள் | சனி, முற்பகல் 10:40

வௌவாலுக்குச் சரி ஐயா. வெள்ளெலியின் சக்கரத்துக்கு எந்தக் கதிர்?

கடிகாரக்கடை | சனி, பிற்பகல் 2:30

நான் இந்தக் குழுவில் பெரும்பாலும் படிக்கிறவன்தான். அப்பா கோரிப்பாளையத்தில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தார், நானும் கொஞ்சநாள் பார்த்தேன். ஒரு சந்தேகம்.

சுவர்க்கடிகாரம் நேரம் பிசகினால் இரண்டு வேலை செய்யலாம். முள்ளைத் திருப்பி வைக்கலாம். இல்லையென்றால் ஊசலுக்கு அடியில் இருக்கும் திருகைத் திருகி ஓட்டத்தையே வேகப்படுத்தலாம், மெதுவாக்கலாம். வெளிச்சம் எலிக்குச் செய்வது இதில் எது? முள் திருப்புகிறதா, திருகு திருகுகிறதா? அது தெரியாமல் பெயர் வைத்தால் தப்பாகிவிடும் என்று தோன்றுகிறது.

நெல்லையாள் | சனி, மாலை 5:05

அண்ணா, இத்துறையின் இரண்டு முன்னோடிகள் நின்ற இடம் அதுவேதான்.

பிட்டெண்ட்ரிக் முள் கட்சி. இரவின் தொடக்கத்தில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னால் தள்ளப்படும், விடியும் தறுவாயில் பட்டால் முன்னால். 23 மணி 40 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கும் எலியை வைத்துக்கொண்டால் தினமும் 20 நிமிடம் பின்னால் தள்ள வேண்டும். அந்தி வெளிச்சம் அதைச் செய்துவிடும். நாளுக்கு ஒருமுறை முள்ளைத் திருப்பி வைப்பது மாதிரி.

ஆஷோஃப் திருகுக் கட்சி. விடாமல் எரியும் விளக்கில் வைத்த இரவு விலங்குக்கு வெளிச்சம் கூடக் கூட அதன் நாள் நீளும். அதாவது வெளிச்சம் ஓட்டத்தின் வேகத்தையே மாற்றுகிறது. இரண்டுமே நடக்கிறது என்றுதான் இன்று சொல்கிறார்கள். அதனால் சொல்லும் இரண்டில் ஒன்றை மட்டும் காட்டிக்கொடுக்கக் கூடாது. 'முள்திருப்பு' என்று வைக்க ஆசைதான். வைக்க முடியாது.

யாழ்வாடி | சனி, இரவு 8:45

அப்ப 'பொழுதிணக்கம்' எப்பிடி? வெளிச்சம் எண்டும் இல்லை, முள் எண்டும் இல்லை. வினையும் சுகமாய் வருது. மணிக்கூடு இணங்கும், வெளிச்சம் இணக்கும். அடங்கு – அடக்கு மாதிரித் தன்வினையும் பிறவினையும். சைட்கேபருக்குப் 'பொழுதிணக்கி'. ஒரு வேரில மூண்டு சொல்.

நிரலன் | சனி, இரவு 9:10

பரவாயில்லை, இது புரிகிறது. அப்படியே 'சர்க்கேடியன்' விஷயத்தையும் முடித்துவிடலாமா? 'தினசரித் தாளம்' போதாதா?

நெல்லையாள் | சனி, இரவு 9:50

போதாது. 1959இல் ஹால்பெர்க் இலத்தீனில் இரண்டு துண்டு எடுத்து ஒட்டினார்: 'ஏறத்தாழ', 'நாள்'. உயிரே அந்த 'ஏறத்தாழ'வில்தான் இருக்கிறது. சரியாக 24 என்றால் இணக்கவே தேவையில்லையே! 'தினசரி', யாழ்வாடி ஊரின் 'நாளாந்தம்' இரண்டிலும் அது விழுந்துவிடுகிறது. 'நாளொட்டிய தாளம்' என்று போட்டிருக்கிறேன். 'ஒட்டிய' என்றால் பக்கத்தில் இருப்பது, அதுவேயாக இருப்பதில்லை.

புலவர் ஐயா | ஞாயிறு, அதிகாலை 3:45

'நாளொட்டிய' நன்று. ஆசிரியைக்குச் செவி இருக்கிறது.

'பொழுதிணக்கம்' என்ன தொகை? பொழுதோடு இணக்கமா, பொழுதினது இணக்கமா, பொழுதே இணங்குகிறதா? விரித்தால் மூன்று பொருள். அதைவிட, இணக்கம் என்பது உடன்பட்டு வருவது. சுண்டெலியை யார் கேட்டார்கள்? கட்டுண்ட ஒன்றை 'இணங்கியது' என்பது வழக்கறிஞர் மொழி. பிணிப்பே உண்மை.

தவிர, எற்பாடு காலையா மாலையா என்ற பழைய வழக்கும் இவ்விடத்தில் பேசத்தக்கது. எல் படுதல் என்றால் மறைதல்தானா, தோன்றுதலும் ஆகுமா? நெய்தல் நிலத்தில் புன்னை நிழலில் இருப்பவள் எந்த நேரத்துக்கு அதிகமாக இரங்குவாள் என்பதை...

(இதன் பிறகு நான்கு பத்திகள். பகலில் கூகையை வெல்லும் காக்கையும் வருகிறது. முழு மடல் காப்பகத்தில் இருக்கிறது. – மட்டுறுத்துநர்)

கடிகாரக்கடை | ஞாயிறு, காலை 7:40

கூகை பகலில் தோற்பது அதற்கு நேரம் சரியில்லாததாலா, கண் கூசுவதாலா?

நெல்லையாள் | ஞாயிறு, காலை 8:30

அண்ணா, நான் கேட்ட 'மாஸ்கிங்' அதுதான்! இரவில் ஓடும் சுண்டெலியின் மேல் சட்டென்று விளக்கைப் போட்டால் நின்றுவிடும். உள்ளே கடிகாரம் 'ஓடு' என்றுதான் சொல்கிறது. வெளிச்சம் நேராக வந்து காலைக் கட்டுகிறது. பார்ப்பவருக்கு எலி நேரத்துக்கு அடங்கிவிட்டது போலத் தெரியும். உண்மை தெரிய வேண்டுமென்றால் முழு இருட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். வெளிச்ச அட்டவணையின் நேரத்திலிருந்தே ஓட்டம் தொடங்கினால் கடிகாரம் இணங்கியிருக்கிறது. தன் பழைய நேரத்துக்கே தாவினால் வெளிச்சம் வெறுமனே மூடி வைத்திருந்தது. கூகைக்கு இரண்டும் கலந்திருக்கலாம்.

'மறைப்பு' என்றால் ஒளித்து வைப்பது போல ஆகிறது. 'மூடாக்கு' என்று போடலாமா? செடியடியில் வைக்கோல் போட்டு வைப்போமே, அந்த மூடாக்கு. அடியில் மண் இருக்கிறது, தெரியவில்லை.

நிரலன் | ஞாயிறு, காலை 8:50

மூடாக்குக்கு என் ஓட்டு. இதுவரை வந்ததில் இதுதான் உருப்படி.

யாழ்வாடி | ஞாயிறு, காலை 9:00

எனக்கும் சம்மதம்.

நெல்லையாள் | ஞாயிறு, முற்பகல் 11:20

புலவர் ஐயாவுக்கு ஒரே ஒரு பதில், பிறகு எலியிடமிருந்து விடுதலை.

இணக்கம் உடன்பட்டு வருவது என்கிறீர்கள். அது எனக்குக் குறையாகப் படவில்லை. 1988இல் ரால்ஃபும் மெனாக்கரும் பிறழ்வு மரபணு கொண்ட ஒரு வெள்ளெலி வழியைக் கண்டார்கள். இரு பிரதியும் பிறழ்ந்திருந்தால் அதன் நாள் ஏறத்தாழ 20 மணி நேரம். 24 மணி வெளிச்ச-இருள் முறையில் வைத்தாலும் அது ஒழுங்காக வந்து சேர்வதில்லை. இழுப்புக்கு ஓர் எல்லை உண்டு, கடிகாரம் அதற்கு மேல் வராது. பிணித்திருந்தால் வந்துதானே ஆக வேண்டும்? வர மறுக்கவும் முடிகிற ஒன்றைத்தான் இணங்கியது என்கிறேன்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, மாலை 6:00

பொழுதிணக்கத்துக்கு ஐந்து பேர், என்ட்ரெயின்மெண்ட்டுக்கு இரண்டு (நிரலன் இரண்டுக்கும் கை தூக்கியிருக்கிறார்), எற்பிணிக்கு ஒருவர். மூடாக்குக்கு எதிர்ப்பு இல்லை. எற்பாட்டுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். அருள்கூர்ந்து அங்கே தொடரவும்.

நெல்லையாள் | ஞாயிறு, இரவு 11:35

கோப்பு போய்விட்டது. முதல் இடத்தில் மட்டும் 'பொழுதிணக்கம் என்னும் என்ட்ரெயின்மெண்ட்'. பிறகு முழுக்கப் பொழுதிணக்கம், மூடாக்கு, நாளொட்டிய தாளம். 'பொழுதிணக்கி' கடைசி நேரத்தில் கை நடுங்கிச் சைட்கேபராகவே நின்றுவிட்டது. யாழ்வாடி மன்னிக்கவும்.

புலவர் ஐயா | திங்கள், அதிகாலை 3:52

20 மணி வெள்ளெலியைப் பற்றி இரவெல்லாம் நினைத்தேன். கட்டு அறுவதும் உண்டல்லவா? அறுந்த கட்டும் கட்டே. அடுத்த பதிப்பு எப்போது?