ஐஸ் உருகியதும் கோல்ஃப் கிரீன் வைக்கோல் நிறம், என்ன மருந்து அடிக்கலாம்?

முளைக்குச்சி: அவசரம். போன வாரம்தான் ஐஸ் உருகியது. மூன்று கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பெரிய திட்டுகளாகப் புல் காய்ந்த மாதிரி கிடக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? நாளை காலை மேலாளர் பார்க்க வருகிறார்.

பசுந்தரை: என்ன புல்? கிரீனுக்கென்று விதைக்கும் பெண்ட்டா, தானாக முளைத்துப் பரவும் போவா அன்னுவாவா? ஐஸ் எத்தனை நாள் கிடந்தது?

மண்வாசம்: இது பனிப்பூசணம்தான். திட்டின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தால் மைக்ரோடோக்கியம் என்ற பூஞ்சை. அதற்குப் பனி மூடக்கூட வேண்டாம், குளிரும் ஈரமும் போதும். காய்ந்த இலையில் கடுகு மாதிரிப் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் டைஃபுலா என்ற இன்னொரு பூஞ்சை. குளிர் தொடங்கும் நேரத்தில் தழைச்சத்தை அள்ளிப் போட்டிருப்பீர்கள்.

முளைக்குச்சி: உருண்டை எதுவும் இல்லை. கலப்புப் புல்தான்.

பழையகை: "கலப்புப் புல்தான்" என்றால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும் தம்பி. போன குளிரிலேயே இதை விளக்கி எழுதினேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஐஸுக்கு அடியில் காற்றில்லாமல் போவா 45 நாளுக்கு மேல் திணற ஆரம்பிக்கும். 75 நாள் தாண்டினால் பெரும்பாலும் போச்சு. பெண்ட் 120 நாள்கூடத் தாங்கும். இதில் மருந்துக்கு என்ன வேலை?

மண்வாசம்: அதற்குத்தான் ஐஸ் மேல் கரும்மணல் தூவுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். வெயிலை இழுத்து உருக்கிவிடும்.

பழையகை: உருகின தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்தில் தேங்கி ராத்திரியே உறையும். போவா அதற்குள் தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கும். உள்ளே ஐஸ் கட்டினால் திசு கிழிந்துவிடும். மூடி இருந்ததே தேவலை என்றாகிவிடும்.

மண்வாசம்: தண்ணீரை அப்படியே விடச் சொன்னது யார்? தண்ணீர் தள்ளும் ரப்பர் கட்டை, ஸ்க்வீஜி எதற்கு இருக்கிறது?

பழையகை: 18 கிரீனுக்கும் தள்ள நீங்கள் வருகிறீர்களா?

பசுந்தரை: சண்டை அப்புறம். முளைக்குச்சி, குழி வெட்டும் கப் கட்டரால் திட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து அறைக்குள் ஜன்னலோரம் வையுங்கள், தண்ணீர் விடுங்கள். உயிர் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் துளிர்க்கும். நாளைக்கே பதில் வேண்டுமென்றால் ஒரு செடியைப் பிடுங்கி, வேரும் இலையும் சேரும் குருத்தடியை பிளேடால் நெடுக்கில் பிளந்து பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகக் குழைந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். மோந்தும் பாருங்கள். ஐஸுக்கு அடியில் மூச்சடைத்த புல் புளித்து நாறும்.

புதுக்களை: இடையில் ஒரு சந்தேகம், உறைபனி படிந்த கிரீனில் நடந்தால் கால்தடம் கருக்குமா?

பசுந்தரை: கருக்கும். உறைந்த இலை காலடியில் நொறுங்கும். பனி விலகும்வரை யாரையும் விடாதீர்கள்.

முளைக்குச்சி: பிளந்து பார்த்தேன். பள்ளத்தில் எல்லாம் பழுப்பு, நாற்றம் தாங்கவில்லை. மேட்டில் வெள்ளை. பதிவேட்டில் ஐஸ் 58 நாள். மருந்து அடிக்கவில்லை. துண்டு ஜன்னலில் இருக்கிறது. நன்றி அண்ணா.

பசுந்தரை: பள்ளத்தில் செத்தது போவாவாக இருக்கும். மண் சூடேறியதும் அங்கே பெண்ட் விதை போடுங்கள், முதலில் வடிகாலைப் பாருங்கள். துண்டு துளிர்த்ததா என்று சொல்லுங்கள்.

புதுக்களை: மூன்று வாரம் ஆயிற்று, துளிர்த்ததா?

மண்வாசம்: அவர் வரமாட்டார். ஸ்க்வீஜிக்கு என்ன பதில், பழையகை?